விரதம் என்று சொல்லிவிட்டார்கள்

போன வாரம் வரை விடாமல் படித்தவர்களுக்கு என் வயிற்றின் கதை தெரியும். இன்றுதான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் கமலவேணி. லாஸ்பேட்டையில் வீடு. அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். உடம்பு பெருத்துப் போய், தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. சர்க்கரையும் மாத்திரைக்கு அடங்கவில்லை. மாடி வகுப்புக்கு ஏறிப் போய் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் வாயைத் திறக்கும்வரை பிள்ளைகள் சத்தம் போடாமல் காத்திருப்பார்கள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த அமைதியைப் பொறுக்க முடியாமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாயாகச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது இரண்டாவது வாரம். இன்னும் நீர் ஆகாரம்தான். கெட்டியாக எதையாவது விழுங்கி அந்த இடம் விட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடமும் சொன்னார், என் வீட்டுக்காரர் ஆதிமூலத்திடமும் சொன்னார். அவர் தலையை நன்றாக ஆட்டினார்.

தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆபரேஷனுக்கு முன்னாலும் இரண்டு வாரம் இதே நீர் ஆகாரம்தான். கல்லீரல் கொழுத்துப் போய் வயிற்றை மூடிக்கொண்டிருந்தால் டாக்டரால் கருவியை உள்ளே விட முடியாது. அது சுருங்க வேண்டும். வடிகட்டிய மோர், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர். அந்தப் பவுடர் டப்பாவில் வெனிலா என்று போட்டிருக்கிறது. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் சென்ட் தெளித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதைக் குடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, எதிரில் என் வீட்டுக்காரர் வஞ்சிரம் வறுவலில் முள் எடுத்துக்கொண்டே, "உன்னப் பாத்தா மனசே ஆற மாட்டேங்குது கமலா" என்பார். மனசு ஆறாத மனிதர் இரண்டாம் முறை சோறு கேட்பார்.

சரி, அதை விடுங்கள். விஷயம் என் மகள் சரிதாவின் கல்யாணம்.

புதுச்சேரியில் பெண்ணைப் பெற்ற சில அப்பாக்களுக்கு ஒரு வியாதி உண்டு. பையன் என்ன படித்திருக்கிறான், என்ன வேலை, என்ன குணம் என்பதெல்லாம் அப்புறம். பிரெஞ்சு நேஷனாலிட்டியா? போதும், கண்ணை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடுத்துவிடலாம். என் வீட்டுக்காரருக்கு அந்த வியாதி முற்றிப்போன நிலை. முத்தியால்பேட்டை சுப்ராயன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் வெற்றிவேல் பாரீசுக்குப் பக்கத்தில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறான். அந்த இடம் வந்த நாளிலிருந்து இவர் குளியலறையில் "போன்ழூர், போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்கிறது.

பையனின் அம்மா பார்வதி அம்மாள் முதல்முறை பெண் பார்க்க வந்தபோது என்னை மேலிருந்து கீழே ஒருமுறையும், இடமிருந்து வலமாக ஒருமுறையும் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் கேட்டார், "பொண்ணு உங்க வாகுதான? அவங்க அம்மா வாகு இல்லியே?"

இவர் என்ன செய்தார் தெரியுமா? "என் வாகுதாங்க, என் வாகுதாங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

சரிதாவும் அந்தப் பையனும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தட்டு மாற்றும்வரை பிள்ளைகள் பேசக் கூடாது என்பது பார்வதி அம்மாள் போட்ட சட்டம். போட்டோ வந்தது, போட்டோ போனது. அவ்வளவுதான். காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்யும் பெண், தினமும் ஈ.சி.ஆர் ரோட்டில் தனியாக ஸ்கூட்டி ஓட்டிப் போகிற பெண், இதற்குச் சரி என்று சொன்னாள். இதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்ததால் அவளுக்கே அலுத்துவிட்டது.

இனி விரதத்துக்கு வருகிறேன்.

என் நாத்தனார் குஞ்சம்மாள் அண்ணியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரியாங்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டை ஆள்கிறவர். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் பார்வதி அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் மைசூர்பாகுடன் வந்து நின்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. "ஏன், எங்க வீட்டு இனிப்பு புடிக்காதா?" என்று அவர் முகம் சுருங்கியது. உண்மையைச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"ஐயோ, அப்படி இல்லீங்க சம்பந்தி அம்மா! கமலா விரதம். நம்ம புள்ளைங்களுக்கு நல்லபடியா கூடி வரணும்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்கா. தட்டு மாத்துற வரைக்கும் வெறும் நீர் ஆகாரம்தான்!"

பொய் சொன்னார், போகட்டும். அதற்கு ஒரு முடிவு நாளையும் சேர்த்து வைத்தார் பாருங்கள், அங்கேதான் அண்ணியின் மூளை தெரிகிறது.

பார்வதி அம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் மகனுக்காக ஒரு பெண்மணி அன்னம் தண்ணியில்லாமல் கிடக்கிறாள் என்று முத்தியால்பேட்டை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் கோயில் கோயிலாகப் போயிருப்பதாக என் வீட்டுக்காரர் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நான் திருவண்ணாமலையில் இருந்தேனாம்!

இது வரைக்கும் முன்கதை.

*

இன்று ஞாயிற்றுக்கிழமை. தட்டு மாற்றும் நாள்.

காலையிலேயே சமையல்காரர்கள் வந்து பின்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இப்போதெல்லாம் பசி என்பதே இல்லை. ஆனால் மூக்கு மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. எண்ணெய் காய்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது. ஒரு மடக்குக்கு மேல் தண்ணீர் குடித்தால் நெஞ்சில் கல் மாதிரி நிற்கும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு உட்கார்ந்த இடத்தில் இருக்க வேண்டும். இந்த வீட்டில் என்னை யார் உட்கார விட்டார்கள்? வெற்றிலை எங்கே கமலா, சந்தனம் எங்கே கமலா, பன்னீர்ச் செம்பு எங்கே கமலா.

குஞ்சம்மாள் அண்ணி பட்டுப்புடவை சரசரக்க உள்ளே வந்தார். வந்ததும் என்னைப் பார்த்து, "என்னா கமலா, மொகமே ஒட்டிப் போச்சு? முன்ன இருந்த களையே இல்ல" என்றார். இருபது வருஷமாக இதே வாய்தான் என்னை "ஆனக்குட்டி" என்று கூப்பிட்டது. அப்போது எங்கே இருந்தது களை?

"பார்வதி அம்மா காலையில போன் பண்ணாங்க" என்றார். "ஒரு நல்ல சேதி."

அண்ணி நல்ல சேதி என்று சொன்னால் எனக்கு அடிவயிறு கலங்கும். இப்போது கலங்குவதற்கும் இடம் குறைவு.

"தட்டு மாத்தினதும் உன் விரதத்த அவங்களே முடிச்சு வைக்கிறாங்களாம். அம்மனுக்குப் படைச்ச சக்கரப் பொங்கல் கொண்டாறாங்க. அவங்க கையாலயே உனக்கு ஊட்டி விடப் போறாங்களாம்! எவ்ளோ பெரிய மனசு பாரு."

நான் கதவைச் சாத்தினேன். அறைக்குள் நான், அண்ணி, என் வீட்டுக்காரர் மூன்று பேர்தான்.

"அண்ணி, நான் இன்னும் நீர் ஆகாரத்துல இருக்கேன். பொங்கல் சாப்பிட முடியாது."

"யாரு வயிறு முட்டத் திங்கச் சொன்னா? ஒரு வாய். நெய்யி ஒழுகுற பொங்கல், வழுக்கிக்கிட்டுப் போயிடும்."

"வழுக்கிக்கிட்டு எங்க போவும் அண்ணி? அங்க வயிறே இல்ல. பின் அடிச்ச குழாதான் இருக்கு."

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். மனிதர் ஏதோ உருப்படியாகச் சொல்லப் போகிறார் என்று ஒரு நொடி நம்பிவிட்டேன்.

"மெல்லாம முழுங்கிடேன் கமலா. மென்னாதான கெட்டி?"

இவரோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்படிச் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

"டாக்டர் சொன்னப்போ தலைய ஆட்டினீங்களே, என்னா கேட்டீங்க அப்போ?"

"கேட்டேன். டாக்டருங்க கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க." பிறகு அவருக்கே ஒரு பெரிய யோசனை தோன்றியது. "ஒண்ணு செய். வாயில வாங்கிக்க. மெதுவா எழுந்து பின்னால போயி துப்பிடு. முடிஞ்சு போச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடப்பாவி! அம்மன் பிரசாதத்தத் துப்புறதா? பொண்ணு வாழ வேணாமா?"

"விரதம்னு பொய் சொன்னது நீங்க அண்ணி. அதுக்கு அம்மன் ஒண்ணும் சொல்லாதா?"

"அது நல்லதுக்குச் சொன்ன பொய். இது பிரசாதம்."

இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அம்மன் பெயரில் புளுகலாம், அம்மன் பொங்கலைத் துப்பக் கூடாது. நடுவில் என் உயிர் போனால் அது விதி.

"சரி, வந்தவங்ககிட்ட நானே உண்மையச் சொல்லிடறேன்" என்றேன்.

இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி வெளுத்தது. அக்காவும் தம்பியும் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

"உடம்பக் குறைக்க வயித்த வெட்டிக்கிட்டேன்னா? அந்தம்மா அன்னிக்கே என்னா கேட்டுச்சு? வாகு கேட்டுச்சு! இது தெரிஞ்சா பொண்ணும் நாளைக்கு இப்படித்தான்னு எழுந்து போயிடும் கமலா. மூணாவது தடவையா தட்டிப் போவணுமா?" என்று என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். பிரான்ஸ் அவர் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது.

நான் சரிதாவின் அறைக்குப் போனேன். ஏனென்றால் கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை.

*

சரிதா அறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். மடிப்பைப் பிடித்துவிட நான் குனிந்தேன். வயிற்றில் துளை போட்ட இடங்கள் சுரீர் என்றன. நிமிர்ந்துவிட்டேன்.

"நீ குனியாத, நானே பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு இதமாக இருந்தது. என் பெண்ணாவது என் பக்கம் என்று நினைத்தேன்.

"அத்தை சொன்னாங்க" என்றாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "பொங்கல் விஷயம்."

"ம்."

"ஒரு வாய்தானேம்மா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஊக்கு குத்துவதில் மும்முரமாக இருந்தாள்.

"நீயுமா சரிதா?"

"நான் என்னாம்மா பண்ணுவேன்? போன தடவ வந்தவங்க காபி குடிச்சிட்டுப் போயி, பொண்ணு கருப்புன்னாங்க. அதுக்கு முன்ன வந்தவங்க ஒண்ணுமே சொல்லல. ஒவ்வொரு தடவையும் புடவ கட்டி, தட்டு எடுத்துக்கிட்டு வந்து நின்னு... எனக்கு வெறுத்துப் போச்சும்மா. இது ஒண்ணு முடிஞ்சுட்டா போதும். கொஞ்சூண்டு, நாக்குல படுற அளவு வாங்கிக்கயேன். எனக்காக."

எனக்காக என்று அவள் இதுவரை எதுவும் கேட்டதில்லை. மற்ற இரண்டு பேர் பேசியது என் காதோடு போய்விட்டது. இது உள்ளே இறங்கிவிட்டது.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினேன். அதற்கு மட்டும் டாக்டர் தடை சொல்லவில்லை.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

*

பார்வதி அம்மாள் ஒல்லி. தினமும் காலையில் பீச் ரோட்டில் நடப்பவர். அதை வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிடுவார், இன்றும் சொன்னார். சுப்ராயன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு குறைவு. என் வீட்டுக்காரர் "போன்ழூர் முசியே" என்று கும்பிட்டதும் அவர் நல்ல தமிழில், "வணக்கம், எப்படி இருக்கீங்க?" என்றார். இதற்காகவா அந்த நாயைக் குரைக்க வைத்தார் இந்த மனிதர்!

பார்வதி அம்மாளின் போனில் வெற்றிவேலைப் பிடித்தார்கள். வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் செம்பில் சாய்த்து வைத்தார்கள். கண்ணாடி போட்ட முகம் ஒன்று எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொன்னது. சரிதா தலையைக் குனிந்துகொண்டாள். அவளிடம் அவனும் எதுவும் பேசவில்லை. அம்மா போட்ட சட்டம் பாரீஸ் வரைக்கும் செல்லும் போலிருக்கிறது.

தட்டு மாற்றினார்கள். குஞ்சம்மாள் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்பதான் முக்கியமான வேல" என்று பார்வதி அம்மாள் எழுந்தார். வெள்ளித் தூக்கைத் திறந்தார். நெய் வாசனை குப்பென்று வந்தது. முந்திரி மிதந்தது.

"வெற்றி, நல்லா பாத்துக்கடா. உனக்காக உங்க அத்தை ஒரு மாசமா நீர் ஆகாரத்துல இருக்காங்க. எந்தப் பொண்ண பெத்தவ இப்படிச் செய்வா? எங்க தெருவுல எல்லாரும் அசந்து போயிட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "விரதத்துல என்னா அழகா எளச்சிட்டீங்க! அன்னிக்குப் பாத்ததுக்கும் இன்னிக்கும்... வாயக் கட்டினா உடம்பு கேக்குதா இல்லியா? இதத்தான் நான் எல்லாருக்கும் சொல்றது."

பொங்கலை நன்றாகப் பிசைந்து உருட்டினார். எலுமிச்சம்பழ அளவு. என் முகத்துக்கு நேராகக் கொண்டு வந்தார்.

"வாயத் தொறங்க சம்பந்தி."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார், வாங்கிக்கொள் என்று. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார், அம்மனையா என்னையா தெரியவில்லை. நான் சரிதாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நொடியில் வாயைத் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். திறக்கவும் செய்தேன். நெய் உதட்டில் பட்டது. என் பெண்ணுக்காக என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது நான் இருந்தால் என்ன, செத்தால் என்ன என்ற எண்ணமும் கூடவே வந்தது. அதுதான் என்னைக் காப்பாற்றியது. இவர்களுக்காகச் சாவதா? இவர்களுக்காகவா? அப்படி ஒரு இளக்காரம் பொங்கிக்கொண்டு வந்தது எனக்கு.

பார்வதி அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"இது விரதம் இல்லீங்க."

"என்னாது?"

"அம்மனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. உடம்பு குறைக்கிற ஆபரேஷன். முக்கால் வயித்த எடுத்துட்டாங்க. ரெண்டு வாரம்கூட முடியல. இதச் சாப்பிட்டா எனக்கு உயிருக்கு ஆபத்து. இது என் வீட்டுக்காரருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும்."

பார்வதி அம்மாள் பொங்கலைத் தூக்கிலேயே போட்டார். கையைத் துண்டில் துடைத்தார். மறுபடி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். முதல் நாள் பார்த்த அதே பார்வை.

"நான் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன், விரதம் விரதம்னு! இதுவா விஷயம்? வாயக் கட்ட முடியாதவங்கதான் வயித்த வெட்டிக்குவாங்க. மானம் ரோஷம் இருக்கிறவங்க இப்படிச் செய்வாங்களா?"

"சம்பந்தி அம்மா, கோவப்படாதீங்க..." என்று அண்ணி தொடங்கினார்.

"அம்மா."

குரல் செம்புப் பக்கமிருந்து வந்தது. போனை எல்லாரும் மறந்துவிட்டிருந்தோம்.

"அம்மா, அப்ப எனக்கும் மானம் ரோஷம் இல்லியா?"

பார்வதி அம்மாளின் முகத்தில் ரத்தம் வற்றிப் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பொய் சொல்லவில்லை, எனக்கு அது இனித்தது.

"வெற்றி, நீ வைப்பா. அப்புறம் பேசலாம். நெட்வொர்க் சரியில்ல."

"நெட்வொர்க் நல்லாதான் இருக்கு. அப்பா, போன வைக்காதீங்க." அவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "எனக்கும் இதே ஆபரேஷன் ஆயிருக்கு. போன வருஷம். இங்கதான் பண்ணேன். நீ ரெண்டு மாசம் இங்க வந்து எனக்குச் சூப்பு வடிகட்டிக் குடுத்தியேம்மா. இவங்ககிட்ட சொல்லிட்டதாத்தான என்கிட்ட சொன்ன?"

என் வீட்டுக்காரர் வாய் திறந்தபடி இருந்தது. ஒரு முழுப் பொங்கல் உருண்டையும் உள்ளே போகும்.

சிரிக்கலாம் என்று பார்த்தேன். மானத்தைப் பற்றி வகுப்பெடுத்த அம்மாளைப் பார்த்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று பார்த்தேன். கேள்விகள் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. அதற்குள் அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டான்.

"அத்தை, இன்னிக்குத் தண்ணி குடிச்சீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. "என்னாப்பா?"

"பேசறப்போ நாக்கு ஒட்டுது உங்களுக்கு. காலையிலருந்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

யோசித்துப் பார்த்தேன். விடிந்ததும் ஒரு மடக்கு. சந்தனம் தேடும்போது ஒரு மடக்கு. அப்புறம் இல்லை.

இந்த வீட்டில் காலையிலிருந்து எத்தனை வாய் பேசியது! பொங்கலை எப்படி விழுங்குவது, எங்கே துப்புவது, யார் எழுந்து போவார்கள், தெரு என்ன சொல்லும். ஒரு வாயாவது இதைக் கேட்டதா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்தே யாரும் கேட்கவில்லை. முன்பின் பழகாத ஒரு பையன், கடல் தாண்டி இருக்கிறவன் கேட்கிறான். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். ஆபரேஷன் வலியிலும் அழாதவள், அப்படி அழுதேன்.

பார்வதி அம்மாள் போனை எடுத்து, கட் பண்ணிக் கைப்பையில் போட்டார். அவன் பேச்சு பாதியில் நின்றது.

"கிளம்பலாங்க" என்றார் சுப்ராயனிடம். "ஏமாத்துற குடும்பம்."

அவர் சொன்னார், அதைக் கேட்டுக்கொண்டும் இருந்தோம். அந்தத் துணிச்சலுக்கே தனியாக ஒரு தட்டு வைக்கலாம்.

"சம்பந்தி அம்மா, ஒரு நிமிஷம்" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே ஓடினார். "சாப்பாடு ரெடியா இருக்கு. உங்க பையனுக்கும் ஆயிருக்கு, இவளுக்கும் ஆயிருக்கு. ரெண்டும் சரியாப் போச்சு. விட்டுடுவோம்."

இரண்டும் சரியாகிப் போச்சாம்! நான் பிழைத்ததும் அவன் பிழைத்ததும் இவருக்குக் கொடுக்கல் வாங்கல்.

"அப்பா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

சரிதா. இன்று முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றிருந்தாள். நேராகப் பார்வதி அம்மாளிடம் போனாள்.

"தட்ட எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போங்க. நான் தடுக்கல. ஆனா அந்தப் போன மட்டும் குடுங்க. நான் அவருகிட்ட பேசணும்."

"பேசறதுக்கு இனிமே என்னா இருக்கு?"

"இதுவரைக்கும் ஒண்ணுமே பேசல. அதான் இருக்கு."

பார்வதி அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுப்ராயன் எழுந்தார். வந்ததிலிருந்து பத்து வார்த்தை பேசாத மனிதர் மனைவியின் கையிலிருந்து பையை வாங்கினார், போனை எடுத்தார், மகனை மறுபடி கூப்பிட்டுச் சரிதாவிடம் நீட்டினார்.

"பேசும்மா. நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

சரிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் சமையலறைக்குப் போய் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தேன், பொறுத்து இன்னொரு மடக்கு குடித்தேன். திரும்பி வந்தபோது குஞ்சம்மாள் அண்ணி கதவோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். மானம் ரோஷம் எல்லாம் பேசிய பார்வதி அம்மாள் அவருக்கு இரண்டடி தள்ளி நின்று, அண்ணியின் முகத்திலிருந்து சேதி படிக்கப் பார்த்தார்.

காதை ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. சரிதாவின் குரல் நன்றாகக் கேட்டது.

"முதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கல்யாணம் உங்களுக்கு வேணுமா, இல்ல உங்கம்மாவுக்கு வேணுமா?"

அதற்கு அவன் சொன்ன பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. நீளமாகச் சொன்னான் போலிருக்கிறது. நடுவில் சரிதா ஒரே ஒருமுறை, "இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?" என்றாள்.

தாழ்ப்பாள் விலகியது. அண்ணி விழாத குறையாகப் பின்னால் வந்தார். சரிதாவின் கண் சிவந்திருந்தது. அழுதாளா, கோபமா, என்னால் சொல்ல முடியவில்லை. அவள் எல்லாரையும் தாண்டி என்னைப் பார்த்தாள். காலையில் கண்ணாடியைப் பார்த்துப் பேசியவள் இப்போது என் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"அம்மா, நீ மட்டும் உள்ள வா. அவரு என்கிட்ட சொன்னத உன்கிட்டயும் சொல்லணுமாம்."

என் வீட்டுக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என் பின்னாலேயே கிளம்பினார்.

"நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே அவன் என்ன சொன்னான் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.